மல்லியாக நின்ற சுல்தான்

எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். மற்றவர்கள் முயன்று பார்த்துத் தோற்றவர்கள். அம்மாவின் தம்பி அவர். நொச்சிக்குப்பத்தில் பிறந்தும் கடலுக்குப் போனால் வாந்தி எடுக்கிற ஆண்பிள்ளை என்று பெயர் வாங்கியவர். படகில் ஏறினால் கரை திரும்பும்வரை குடலைக் கக்குவார். வலை இழுக்க லாயக்கில்லை என்று முடிவானதும் அவரை என் நைனாவோடு சேர்த்துவிட்டார்கள். நைனாவின் தொழில் கடற்கரையில் குதிரை சவாரி. குதிரையைப் பார்த்துக்கொள்ள நைனா, குதிரைக்கு ஆள் பிடிக்க மாமா என்று வேலை தானாகப் பிரிந்துகொண்டது.

ஆள் பிடிப்பதில் மாமாவை மிஞ்ச அந்த மணலில் எவரும் கிடையாது. "சினிமால நடிச்ச குதிர சார் இது, ஏறிக்கினு ஒரு போட்டோ எட்த்துக்கோ" என்பார் சுல்தானைக் காட்டி. சுல்தானுக்கும் சினிமாவுக்கும் இருந்த ஒரே உறவு, சுவரொட்டிகளைப் பசையோடு கிழித்துத் தின்றதுதான். மல்லியைக் காட்டினால், "இத்தோட பாட்டி மைசூர் அரமணைல இருந்துச்சு மேடம்" என்பார். மல்லியை நைனா வாங்கியது ஒரு செங்கல் சூளையில். இரண்டும் வெள்ளைக் குதிரைகள். சுல்தான் ஆண், மல்லி பெண். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கல்யாண சீசனில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இரண்டையும் மாற்றி மாற்றிக் கூப்பிடுவார்கள்.

அப்படி ஒரு கல்யாணத்தில்தான் மாமாவின் பொய் முதல்முறையாக ரத்தம் பார்த்தது. "வெடி வெச்சா கூட அசையாது" என்று பெண் வீட்டாரிடம் சத்தியம் செய்திருந்தார். தி. நகரில் ஜவுளிக்கடை விளக்குகளின் நடுவே சரவெடி கொளுத்தியதும் சுல்தான் இரண்டு காலில் நின்றது. மாப்பிள்ளை தலைப்பாகையோடு தார்ச்சாலையில் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார். மாமா அந்த இடத்திலிருந்து காணாமல் போனார். மறுநாள் அந்த வீட்டு வாசலில் போய் நின்று எல்லாருடைய ஏச்சையும் கேட்டுக்கொண்டவள் அம்மா. அதற்கு முந்தைய பொய்களுக்கும் அவள்தான் போய் நின்றிருந்தாள். திரும்பி வந்து மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் வியாபாரத்துக்குப் போய்விட்டாள்.

எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது. பள்ளிக்குப் பாதி நாள் போவேன். மீதி நாள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மல்லியின் முதுகில் இருப்பேன். சேணம் இல்லாமல் ஓட்டுவேன். அதில் எனக்கு இருந்த திமிர் இன்றுவரை குறையவில்லை.

டாக்டரம்மா எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது சுல்தானின் காலை உடைந்த பீர் பாட்டில் கிழித்த அன்று. கால்நடை மருத்துவக் கல்லூரியில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த பெண் அவர். கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தவர், மணலில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தன் ஸ்கூட்டரிலிருந்து பையை எடுத்துவந்து அங்கேயே தையல் போட்டார். காசு வேண்டாம் என்றார். எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய தொந்தரவு கிடையாது. காசு வாங்கியிருந்தால் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும். வாங்காததால் அவர் எது கேட்டாலும் மறுக்க முடியாதவர்களாகிவிட்டோம்.

அவர் கேட்டது உண்ணி. குதிரை, மாடுகளை உண்ணி கடிக்கும்போது ரத்தத்துக்குள் புகுந்துவிடும் ஒரு கிருமியைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. கடற்கரைக் குதிரைகளிடம் கொஞ்சம் ரத்தமும், மேலே ஒட்டியிருக்கும் உண்ணிகளும் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இரண்டு குதிரையையும் பார்க்கிறேன் என்றார்.

"எத்தினி வோணுமோ எட்த்துக்கோங்க மேடம்," என்றார் மாமா. உண்ணியைக்கூட அவர் விருந்து வைப்பதுபோலத்தான் சொன்னார்.

டாக்டரம்மா போகும்போது மூடிபோட்ட சின்ன பிளாஸ்டிக் குப்பி ஒன்றை என் கையில் கொடுத்தார். "நீதானே எப்பவும் குதிரையோட இருக்க? கண்ணுல பட்டா இதுல போட்டு வை. நசுக்காம எடுக்கணும். உயிரோட வேணும்." பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் அப்படி ஒரு வேலை கொடுத்ததில்லை. குப்பியைப் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டேன்.

அந்த வாரத்தின் நடுவில் மல்லி படுத்துவிட்டது.

முதலில் கொள்ளைத் தொடவில்லை. அப்புறம் தண்ணீரையும் தொடவில்லை. தொட்டால் அடுப்புமேல் வைத்ததுபோல் உடம்பு கொதித்தது. கண்ணின் உள்மடிப்பு மஞ்சள் அடித்திருந்தது. மறுநாள் விடிகாலையில் அது பெய்த மூத்திரம் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் மணலில் இறங்கியது. நைனா அதைப் பார்த்தபடி வெகுநேரம் குந்தியிருந்தார். மல்லி போனால் எங்கள் சாப்பாட்டில் பாதி போய்விடும் என்பது எனக்கே தெரியும்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்திருக்கலாம். செய்யாததற்குக் காரணம், சவாரிக்காரர்களிடையே அப்போது உலவிய பேச்சு. வடக்கே எங்கேயோ குதிரைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்களாம், நோய் இருந்தவற்றையெல்லாம் சர்க்கார் ஆட்கள் ஊசி போட்டுக் கொன்று, குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டி மூடினார்களாம். பேச்சு பொய்யில்லை. அப்படி ஒரு நோய் உண்டு, அப்படி ஒரு சட்டமும் உண்டு. ஆனால் எந்த நோய்க்கு எந்தச் சட்டம் என்று எங்கள் மணலில் யாருக்குத் தெரியும்? ரத்தம் எடுத்தால் குதிரை சாகும், அவ்வளவுதான் எங்களுக்கு எட்டியது.

"சனியனே, நீதான வரச் சொன்ன," என்று நைனா மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மச்சான் டென்சன் ஆவுற? மல்லிய ஒளிச்சி வெச்சிர்லாம்."

"ரெண்டு குதிரன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமே."

"ரெண்டு குதிர காட்னா போச்சு," என்றார் மாமா. "மொதல்ல சுல்தான காட்றோம். ரத்தம் எட்த்துக்கட்டும். அப்பால போட்டுக்குப் பின்னால இட்டுகினு போய், மல்லியோட மணிமாலய மாட்டி, தையல் போட்ட எடத்துல சலங்கய கட்டி இட்டாறோம். இதான் மல்லி. முட்ஞ்சிச்சி."

நைனா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அடப்பாவி, சுல்தான் ஆம்பளைடா."

மாமா அசரவில்லை. "படிச்ச பொண்ணு மச்சான். அங்கல்லாம் குனிஞ்சி பாக்குமா இன்னா?"

குதிரை டாக்டருக்குப் படிக்கிற பெண்ணைப் பற்றி மாமா இப்படி நினைத்தார் என்பதை இன்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் அன்று நைனாவும் சற்று யோசித்துவிட்டு, அது சரிதான் என்பதுபோல் தலையாட்டினார். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சின்னப் பெண்ணுக்கு என்ன புரியும் என்று விட்டுவிட்டார்கள். அந்தத் திட்டத்தில் இருந்த பெரிய ஓட்டை அதுதான்.

மல்லியை எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கின் மாடிப்படிக்கு அடியில் கட்டி, முன்னால் பழைய வலையைத் தொங்கவிட்டார்கள். மாடி வீட்டுக்காரி இறங்கும்போதெல்லாம், "இன்னாயா இது, வூடா லாயமா?" என்று கத்தினாள். அம்மா தினமும் அவளுக்கு ஒரு பிடி நெத்திலி கொடுத்து வாயை அடைத்தாள்.

சனிக்கிழமை முழுவதும் சுல்தானைச் சுத்தம் செய்தார்கள். காசு வாங்காத டாக்டர் வருகிறார், குதிரை மேல் ஒரு பூச்சி இருந்தால் நமக்கு அசிங்கம் என்று நைனா நினைத்தார். கடலில் குளிப்பாட்டி, நல்ல தண்ணீரில் அலசி, வேப்பெண்ணெய் பூசி, காது மடல், பிடரிக்கடி, வாலின் அடி, தொடை இடுக்கு என்று ஒரு இடம் விடாமல் துழாவி, அகப்பட்ட உண்ணியையெல்லாம் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். நான் குப்பியை நீட்டிக்கொண்டு, "எனக்கு வோணும், எனக்கு வோணும்" என்று கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டரம்மா வந்தார். சுல்தான் கல்யாண மாப்பிள்ளைபோல் மினுமினுத்தது. கழுத்து நரம்பில் ஊசியை இறக்கிக் கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்துக்கொண்டு, விரலால் குதிரை முழுக்கத் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணுகூட இல்லையே," என்றார் வாட்டமாக.

"ஒண்ணுகூட கெடியாது மேடம்," என்றார் நைனா பெருமையாக.

"நான் உண்ணிக்குத்தான வந்தேன்."

நைனாவின் முகத்தில் இருந்த பெருமை எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. மாமா அவசரமாகக் குறுக்கே புகுந்தார். "தோ, மல்லிய இட்டாறேன் மேடம், அதுல கெடைக்கும்." சுல்தானை நடத்திக்கொண்டு படகுகளுக்குப் பின்னால் போனார். அவர் மல்லி என்றதும் எனக்கு யோசனை வந்தது. சுல்தானிடம் உண்ணி இல்லாவிட்டால் என்ன, மல்லியிடம் இருக்கிறதே. நான் பிளாக்கை நோக்கி ஓடினேன்.

வலையை விலக்கி உள்ளே போனேன். மல்லி தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அதன் காதுக்குள் கொழுத்த உண்ணிகள் ஆமணக்கு விதைபோல் ஒட்டியிருந்தன. நசுக்காமல், திருகாமல், மெதுவாக நேராக இழுத்து, குப்பியை நிரப்பினேன். மல்லி தலையை ஆட்டவேயில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. நல்ல நாளில் காதைத் தொட்டால் என்னைத் தள்ளிவிடும்.

நான் திரும்பி ஓடிவந்தபோது, மணிமாலையும் சலங்கையும் அணிந்த சுல்தான் டாக்டரம்மா முன்னால் மல்லியாக நின்றுகொண்டிருந்தது. டாக்டரம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று முன்னால் அவரே குத்திய இடத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று இன்னும் காயாமல் இருந்தது. மாமா கழுத்தை மறந்துவிட்டார்.

"இதான் மல்லியா?" என்றார் டாக்டரம்மா.

"மல்லியேதான் மேடம். பாட்டி மைசூர் அரமண."

"மேடம்!" என்று மூச்சிரைக்கக் குப்பியை நீட்டினேன். "உயிரோட கீது!"

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அடேயப்பா. எங்க புடிச்ச?"

"மல்லி காதுல!"

மாமாவின் கையிலிருந்த கயிறு நழுவி மணலில் விழுந்தது. நைனா கடலைப் பார்த்தார். டாக்டரம்மா மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் என் தோளில் கையை வைத்து, "மல்லி எங்க இருக்கு, காட்டுறியா?" என்றார். அவர் கேட்ட விதம், மல்லி பக்கத்துத் தெருவுக்கு விருந்தாடப் போயிருப்பதுபோல் இருந்தது. நான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

மாடிப்படிக்குக் கீழே அவர் மல்லியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், இமையைத் திருப்பிப் பார்த்தார், காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தேய்த்தார். பின்னாலேயே வந்த நைனா, கும்பிட்ட கையைப் பிரிக்காமல், "கொன்னுடாதீங்க மேடம்" என்றார். நைனாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"எதுக்குங்க கொல்லணும்?" என்று அவர் உண்மையாகவே விழித்தார். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் படியில் உட்கார்ந்துவிட்டார். "அது வேற நோய், வேற கிருமி. இது உண்ணி கடிச்சு வர்றது மாதிரிதான் தெரியுது. மருந்து இருக்கு. ஆனா இன்னும் ரெண்டு நாள் இப்படி ஒளிச்சு வச்சிருந்தீங்கன்னா, நான் வந்து பிரயோஜனம் இருந்திருக்காது."

கண்ணாடிச் சில்லை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தார். சாயங்காலம் தன் பேராசிரியரோடும் மருந்தோடும் திரும்பினார். போடுவதற்கு முன்பே எச்சரித்தார்: ஊசி போட்டதும் எச்சில் ஒழுகும், வேர்க்கும், வயிறு வலிக்கும், பயப்படக் கூடாது.

யார் பயப்படாமல் இருந்தது? மல்லியின் வாயிலிருந்து எச்சில் கயிறாக இறங்கியது. உடம்பெல்லாம் வேர்த்து, முன்காலால் மணலைப் பிறாண்டியது. "கொன்னுட்டாங்கோ! எங்க மல்லிய கொன்னுட்டாங்கோ!" என்று மாமா மார்பில் அடித்துக்கொண்டார். குப்பமே திரண்டது. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "வாய மூட்றா. அந்தப் பொண்ணு முன்னயே சொல்லிச்சில்ல?"

டாக்டரம்மா மல்லியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் மெதுவாக நடக்க ஆரம்பித்தார். நான் மறுபக்கம் நடந்தேன். கலங்கரை விளக்கம் எரிய ஆரம்பித்த நேரத்தில் எச்சில் நின்றது. வேர்வை அடங்கியது. நான் நீட்டிய புல்லை மல்லி முகர்ந்தது, யோசித்தது, பிறகு கடித்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பரிசோதனை முடிவோடு அவர் மறுபடி வந்தபோது மல்லி கொள்ளுக்காகக் கனைத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் எங்கள் வீட்டு வாசலில் கூடினோம். மல்லியின் ரத்தத்தில் அந்தக் கிருமி இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். "சுல்தானுக்கும் இருக்கு," என்றார்.

மாமாவின் முகம் செத்துவிட்டது. "சுல்தானுக்கா? அது நல்லாக்கீதே மேடம். துள்ளிக்கினு கீதே."

"நல்லாத்தான் இருக்கும். பயப்பட ஒண்ணுமில்ல. இது ஒரு குதிரைலேர்ந்து இன்னொண்ணுக்கு நேரா தாவாது. சுல்தானுக்கு எப்பவோ வந்து போயிருக்கு, ரத்தத்துல மட்டும் தங்கிடுச்சு. நீங்க அன்னிக்கு செஞ்சதுக்கும் இதுக்கும்..."

"டீ ஆறிடப் போவுது, குடி மேடம்," என்று அம்மா கிளாஸை அவர் கையில் திணித்தாள். "இந்தா, பிஸ்கோத்து."

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா தட்டை இன்னும் நெருக்கமாக நீட்டினாள். அவர் அம்மாவை ஒரு கணம் பார்த்துவிட்டு, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. பேசிக்கொண்டிருப்பவரைப் பாதியில் நிறுத்துவது மரியாதையா?

மாமா சுவரோரம் குந்திவிட்டார். "நான்தான்க்கா அத மல்லின்னு சொன்னேன்," என்றார் அம்மாவிடம். "மல்லியோட மாலய நான்தான் மாட்னேன். மல்லி சீக்கு அத்துக்கு வந்துட்ச்சி." அம்மா மறுக்கவில்லை. நாங்களும் மறுக்கவில்லை. டாக்டரம்மா சொன்னது எங்கள் காதில் விழாமல் இல்லை. ஆனால் பெரிய மனசோடு ஆறுதல் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டோம். சாவு வீட்டுக்கு வருகிறவர்களும் இப்படித்தானே எதையாவது சொல்கிறார்கள். மாமா அன்றே சாந்தோம் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றி, திரும்பும் வழியில் முண்டகக்கண்ணி அம்மன் கோவிலில் கற்பூரம் கொளுத்தி, இரண்டு இடத்திலும் இனிப் பொய் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். நான் சுல்தானைக் கட்டிக்கொண்டு, அதற்குச் சீக்கை ஒட்டவைத்த மாமாவோடு ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தேன். சுல்தான் என் தலைமுடியைச் சவைத்துக்கொண்டு நன்றாகவே இருந்தது.

ஏழாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டேன். பள்ளி என்னை எப்போதோ விட்டிருந்தது. அப்புறம் குதிரை இருக்கும் இடமெல்லாம் போனேன். ஊட்டியில் ஏரிக்கரைச் சவாரி, கோலாப்பூரில் கல்யாணக் குதிரைகள், பெங்களூருக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணை. லாயத்தில் வைக்கோல்மேல் தூங்கியிருக்கிறேன், பட்டினியும் கிடந்திருக்கிறேன். குதிரைக்கு வைத்த கேரட்டைப் பங்கு போட்டுக்கொண்டால் பட்டினி அவ்வளவு தெரியாது.

அந்தப் பண்ணையின் டாக்டர் ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமான ரத்த அணுக்கள். ஒன்றின் நடுவில் நான்கு புள்ளிகள், கோலத்தில் வைத்த பூப்போலச் சேர்ந்திருந்தன. உண்ணிக் கிருமி என்றார். எந்தக் குதிரை என்று கேட்டேன். பண்ணையிலேயே வேகமாக ஓடுகிற குதிரையைக் காட்டினார். பிழைத்த குதிரையின் உடம்பில் இது ஆயுசுக்கும் தங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, பக்கத்தில் நிற்பதாலோ தொடுவதாலோ வராது என்றார். வார்த்தைக்கு வார்த்தை டாக்டரம்மா சொன்னதுதான். அவர் ஆறுதல் சொல்லவில்லை. பாடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த ரயிலில் சென்னைக்கு வந்தேன். சுல்தான் வயதாகித்தான் செத்தது, அது செத்தே சில வருடங்கள் ஓடியிருந்தன. இவ்வளவு நாள் மாமா சுமந்த பாவத்தை இறக்கி வைத்துவிடலாம் என்று நேராகக் கடற்கரைக்குப் போனேன். மாமா தலை நரைத்து, ஒரு செவலைக் குதிரையோடு நின்றிருந்தார். புதுமணத் தம்பதி ஒன்று அவரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தது.

"இத்துல ஏறாத சார். காலைலேந்து மூடு சரியில்ல, தள்ளி வுட்ரும். தோ, அந்தாண்ட கருப்பு நிக்கிது பாரு, அத்துல ஏறு. சாதுவான குதிர."

கருப்புக் குதிரை வேறொருவருடையது.

நான் அப்படியே திரும்பி, சாலையோரத்தில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். மாமாவால் சுல்தானுக்கு எதுவும் வரவில்லை, அவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றேன்.

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. "அத சொல்றதுக்கா அவ்ளோ தூரத்துலேந்து வந்த?"

"ஒனக்குத் தெரியுமா?"

"அந்தப் பொண்ணு தமிழ்லதான சொல்லிச்சு," என்றாள் அம்மா. மீனின் தலையைத் தனியாக எடுத்து வைத்தாள். "எனக்கு அப்பவே புரிஞ்சிச்சு. அதான் டீய குட்த்தேன்."